பன்மூட்டுத் தேய்மான நோய்

பன்மூட்டுத் தேய்மான நோய் என்பது ஒருவருடைய உடலின் பல மூட்டுகளில் குருத்தெலும்பு படிப்படியாக நலிவடைந்து, அதனடியிலுள்ள எலும்பும் மூட்டைச் சூழ்ந்த திசுக்களும் மாற்றமடையும் நாட்பட்ட நோய் ஆகும். முதுமை மூட்டழற்சி அல்லது மூட்டுத் தேய்மானம் என அழைக்கப்படும் நோயின் ஒரு வகையே இது. எத்தனை மூட்டுகள் பாதிக்கப்பட்டால் இப்பெயர் பொருந்தும் என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த வரையறை இல்லை. எனினும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மூட்டுத் தொகுதிகளில் நோய் காணப்படுவதைப் பலர் அளவாகக் கொள்கின்றனர். பொதுவாக 40 அகவைக்குப் பின்னர் தோன்றும் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களை, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களை, மிகுதியாகத் தாக்குகிறது.

இந்நோயைப் பற்றி இரண்டு தவறான கருத்துகள் பரவலாக உள்ளன. பல மூட்டுகளில் ஒரே காலத்தில் வலி வந்தால் அது வயதின் விளைவே என எண்ணி விட்டுவிடுவது ஒன்று. தேய்ந்த மூட்டை அசைத்தால் மேலும் தேயும் என அஞ்சி நடப்பதையே நிறுத்திவிடுவது மற்றொன்று. முதலாவது, விரைந்து சிகிச்சை தேவைப்படும் வேறு நோய்களைத் தவறவிடச் செய்கிறது. இரண்டாவது, இந்நோயையே மோசமாக்குகிறது.

பெயர்

ஆங்கில மருத்துவ வழக்கில் இந்நோய் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் எனப்படும். தமிழில் மூட்டு நோய்களின் பெயர்கள் ஒன்றுடன் ஒன்று கலந்து வழங்குவதால் கீழ்க்கண்ட வேறுபாடுகளை மனதில் கொள்ளுதல் நன்று.

* எலும்புத் தேய்மானம் என்னும் சொல் பேச்சு வழக்கில் இந்நோயையும், எலும்பின் அடர்த்தி குறையும் எலும்புப்புரை நோயையும் குறிக்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள். எலும்புப்புரை பொதுவாக முறிவு ஏற்படும் வரை வலி தருவதில்லை.
* முடக்கு வாதம் என்பது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் மூட்டுகளையே தாக்குவதால் வரும் அழற்சி நோய்.
* கீல்வாதம் என்பது பாடநூல்களில் யூரிக் அமிலப் படிகங்களால் வரும் நோயைக் குறிக்கிறது. ஆனால் விளம்பரங்களில் எல்லா மூட்டு வலிக்கும் இச்சொல்லே பயன்படுகிறது.

மூட்டின் அமைப்பும் நோய் உருவாகும் முறையும்

அசையும் மூட்டு ஒன்றில் எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு மூடியிருக்கும். மூட்டைச் சுற்றியுள்ள உறையின் உட்சவ்வு சுரக்கும் மூட்டுநீர் உராய்வைக் குறைக்கிறது. குருத்தெலும்பின் பெரும்பகுதி நீரால் ஆனது. இரண்டாம் வகைக் கொலாசன் இழைகள் அதற்கு வலிமையையும், அக்ரிகன் என்னும் பெரிய மூலக்கூறு நீரைப் பிடித்து வைக்கும் தன்மையையும் தருகின்றன. இவற்றை உருவாக்குவதும் பழையவற்றை அகற்றுவதும் குருத்தெலும்பு உயிரணுக்களின் பணி.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இல்லை. மூட்டின் மீது எடை விழும்போது நீர் வெளியேறுகிறது, எடை நீங்கும்போது நீர் உள்ளே புகுகிறது. பிழிந்து விட்ட பஞ்சு மீண்டும் நீரை உறிஞ்சுவதைப் போன்றது இது. மூட்டுநீரிலிருந்து ஊட்டம் பரவி வருவதற்கு இவ்வசைவு உதவுகிறது. எனவே முற்றிலும் அசைக்கப்படாத மூட்டின் குருத்தெலும்பு நலிவடைகிறது.

இந்நோயில், ஆக்கத்தைவிட அழிவு மிகுகிறது. கொலாசனையும் அக்ரிகனையும் சிதைக்கும் நொதியங்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. குருத்தெலும்பு மென்மையாகி, வெடித்து, மெலிகிறது. அடியிலுள்ள எலும்பு தடித்து, விளிம்புகளில் எலும்பு முளைகள் தோன்றுகின்றன. உட்சவ்வில் மிதமான அழற்சியும் உண்டாகிறது. மூட்டைத் தாங்கும் தசைகளும் வலுவிழக்கின்றன. குருத்தெலும்பில் நரம்பு இல்லாததால் வலியானது எலும்பு, உட்சவ்வு, உறை, தசைநார் ஆகியவற்றிலிருந்தே எழுகிறது.

ஆகவே தேய்மானம் என்னும் சொல் இந்நோயை முழுமையாக விளக்குவதில்லை. இயந்திரத்தின் தாங்கு உருளை ஓட ஓடத் தேயும்; அதை நிறுத்தி வைத்தால் தேயாது. மூட்டு உயிருள்ள உறுப்பு. அளவான சுமையில்தான் அது தன்னைப் பேணிக்கொள்கிறது.

பாதிக்கப்படும் மூட்டுகள்

பன்மூட்டுத் தேய்மான நோய் எல்லா மூட்டுகளையும் சமமாகத் தாக்குவதில்லை. பெரும்பாலும் பாதிக்கப்படுபவை:

* கைவிரல்களின் நுனி மூட்டுகள். இங்கு தோன்றும் கெட்டியான புடைப்புகள் ஹெபர்டன் கணுக்கள் எனப்படும்.
* கைவிரல்களின் நடு மூட்டுகள். இங்கு தோன்றுபவை பூசார்டு கணுக்கள் எனப்படும்.
* கை கட்டைவிரலின் அடி மூட்டு
* முழங்கால்
* இடுப்பு
* கழுத்து மற்றும் கீழ் முதுகுத் தண்டுவட மூட்டுகள்
* கால் பெருவிரலின் அடி மூட்டு

மணிக்கட்டு, முழங்கை, கணுக்கால், கைவிரல்களின் அடி மூட்டுகள் ஆகியன காயமோ வேறு காரணமோ இன்றிப் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. இம்மூட்டுகளில் வீக்கம் இருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும்.

ஆசியர்களிடையே இடுப்பு மூட்டைவிட முழங்கால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. பெய்ஜிங் நகர முதியோரிடையே நடத்தப்பட்ட ஆய்வில், அங்குள்ள பெண்களுக்கு அமெரிக்க வெள்ளையினப் பெண்களைவிட முழங்கால் நோய் கூடுதலாகவும், இடுப்பு நோய் மிகக் குறைவாகவும் இருப்பது அறியப்பட்டது. இளமையில் நெடுநேரம் குந்தி அமர்ந்திருந்த பழக்கத்துக்கும் முழங்கால் நோய்க்கும் தொடர்பு இருப்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது.

காரணங்கள்

முதன்மை வகை

குறிப்பிட்ட ஒரு காரணம் காண இயலாத நிலை முதன்மை வகை எனப்படும். இதில் மரபுக் கூறு வலுவானது. தாய்க்கு விரல் கணுக்கள் இருந்தால் மகளுக்கும் வருதல் பொதுவாகக் காணப்படுவதாகும். இரட்டையரிடையே செய்யப்பட்ட ஆய்வுகள் கை, முழங்கால் நோயில் ஏறத்தாழப் பாதிப் பங்கு மரபினால் வருவதாகக் காட்டுகின்றன. அகவை, பெண்பால், உடற்பருமன், பழைய காயம், முழங்காலை மடக்கிச் செய்யும் கடும் உழைப்பு ஆகியன ஏனைய காரணிகள். உடற்பருமன் சுமையால் மட்டுமன்றிக் கொழுப்புத் திசு சுரக்கும் அழற்சிப் பொருள்களாலும் தீங்கு செய்கிறது. உடல் எடையைத் தாங்காத கைவிரல் மூட்டுகளும் பருமனானவர்களிடம் கூடுதலாகப் பாதிக்கப்படுவது இதனாலேயே எனக் கருதப்படுகிறது.

இரண்டாம் நிலை வகை

வேறு ஒரு நோயின் விளைவாக வருவது இரண்டாம் நிலை வகை ஆகும். இளம் அகவையிலேயே பல மூட்டுகள் தேய்வது இவ்வகைக்கு அறிகுறி.

* அல்காப்டோனூரியா: டைரோசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கும் பாதையில் ஒரு நொதியம் குறைவதால் வரும் அரிய மரபு நோய். சிறுநீர் காற்றுப்பட்டுச் சிறிது நேரம் நின்றால் கருத்துவிடும். பல ஆண்டுகளாகக் குருத்தெலும்பில் கரும் நிறமி படிந்து, 30 அகவைக்கு மேல் முதுகெலும்பும் பெரிய மூட்டுகளும் நலிவடைகின்றன. 1902 ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்ட் கரோட் இதன் மரபு முறையை விளக்கினார். தமிழ்நாட்டின் நரிக்குறவர் சமூகத்தில் இந்நோய்க்கான மரபணு மாற்றம் ஒன்று வழக்கத்தைவிட மிகுதியாக இருப்பதை 2014 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. சிறிய சமூகத்தினுள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணவுறவு கொள்ளும்போது, மூதாதை ஒருவரிடமிருந்த மாற்றம் பலருக்கும் சென்று சேர்வதே இதற்குக் காரணம். நிட்டிசினோன் என்னும் மருந்து 2020 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது.
* ஹந்திகோடு நோய்: கருநாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டம் சாகர் வட்டத்திலுள்ள ஹந்திகோடு சிற்றூரில் 1970களின் நடுப்பகுதியில் அறியப்பட்டது. இடுப்பு, முழங்கால், முதுகெலும்பு ஆகியவற்றைத் தாக்கும் மரபுவழி நோய்.
* உடலில் இரும்புச் சத்து மிகுந்து படியும் நோய், வளர்ச்சி இயக்குநீர் மிகுதி, மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் தன்மை ஆகியனவும் பல மூட்டுகளில் தேய்மானம் உண்டாக்கலாம்.

அறிகுறிகள்

* அசைக்கும்போது கூடி, ஓய்வில் குறையும் வலி. நோய் முற்றினால் இரவிலும் வலிக்கும்.
* காலையில் எழுந்ததும் இறுக்கம். இது பொதுவாக 30 நிமிடங்களுக்குள் தளர்ந்துவிடும். நெடுநேரம் அமர்ந்து எழும்போதும் சில அடிகள் வரை இறுக்கம் இருக்கும்.
* அசைக்கும்போது நறநறவென்ற ஒலி அல்லது உணர்வு.
* கெட்டியான எலும்புப் புடைப்பு. அசைவின் எல்லை குறைதல்.
* முழங்கால் வெளிப்புறமாக வளைதல். கால் நிலைகொள்ளாமல் மடங்குவது போன்ற உணர்வு.

பல மூட்டுகள் பாதிக்கப்பட்டவரின் துன்பம் ஒரு மூட்டின் வலியைப் பலமடங்கு ஆக்கியது மட்டுமன்று. முழங்கால் வலிப்பவர் கைப்பிடியைப் பற்றிப் படியேறலாம். கட்டைவிரலும் வலித்தால் அதுவும் இயலாது. துணி பிழிதல், தேங்காய் துருவுதல், அரிவாள்மணையில் காய் நறுக்குதல், கோலமிடுதல், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதல் போன்ற அன்றாட வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுகின்றன. உறக்கக் குறைவும் மனச்சோர்வும் பலருக்கு உடன் வருகின்றன.

பிற நோய்களிலிருந்து வேறுபடுத்தல்

பல மூட்டுகளில் வலி என்றால் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, அது தேய்மானமா அழற்சியா என்பதே.

* முடக்கு வாதம்: காலை இறுக்கம் 30 நிமிடங்களுக்கு மேல், சில வேளை பல மணி நேரம் நீடிக்கும். மணிக்கட்டும் விரல்களின் அடி மூட்டுகளும் இருபுறமும் மென்மையாக வீங்கும். ஓய்வில் குறையாது, அசைந்தால் சற்றுத் தளரும். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைத் தொடங்கினால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம். தேய்மானம் என்று எண்ணிக் காலம் கடத்தினால் இழந்த மூட்டு திரும்புவதில்லை.
* சிக்குன்குனியா: காய்ச்சலுடன் திடீரெனத் தொடங்கும். இந்தியாவில் 2006 ஆம் ஆண்டில் இந்நோய் பெருமளவில் பரவியபோது தமிழ்நாடும் பாதிக்கப்பட்டது. காய்ச்சல் நீங்கிய பின்னரும் மணிக்கட்டு, விரல்கள், கணுக்கால் ஆகியவற்றில் வலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.
* புளோரைடு மிகைப்பு நோய்: தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. இந்நீரைப் பல்லாண்டுகள் பருகியவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறையும், முதுகெலும்பிலும் மூட்டுகளிலும் இறுக்கமும் வலியும் உண்டாகும். 2013 ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று இதனைத் தணிப்பது.
* கீல்வாதம்: பெரும்பாலும் கால் பெருவிரலில் நள்ளிரவில் திடீரெனக் கடும் வலி, சிவப்பு, வீக்கம்.
* சொரியாசிசு மூட்டழற்சி: விரல் நுனி மூட்டுகளைத் தாக்குவதால் ஹெபர்டன் கணு எனத் தவறாகக் கருதப்படலாம். தோலிலும் நகத்திலும் மாற்றங்கள் இருக்கும்.

ஒரு மூட்டு திடீரெனச் சூடாகி வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் மூட்டில் தொற்று இருக்கக்கூடும். கால்கள் மரத்து வலுவிழந்தாலோ சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ தண்டுவடம் அழுத்தப்பட்டிருக்கலாம். இவை அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்.

கண்டறிதல்

45 அகவைக்கு மேற்பட்டவரிடம் அறிகுறிகள் தெளிவாக இருந்தால் பரிசோதனைகள் இன்றியே நோயை அறியலாம். எக்சு-கதிர்ப் படத்தில் மூட்டு இடைவெளி குறைதல், எலும்பு முளைகள், குருத்தெலும்புக்கு அடியில் எலும்பு தடித்தல், சிறு பைகள் ஆகியன தெரியும். கெல்கிரென், லாரன்சு ஆகியோர் 1957 இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான தரவரிசை இன்றும் பயன்படுகிறது. படத்தில் தெரியும் சிதைவும் நோயாளி உணரும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. படம் மோசமாக இருந்தும் வலியின்றி நடப்போர் பலர்.

குருதியில் அழற்சியைக் காட்டும் அளவுகள் இந்நோயில் பெரும்பாலும் இயல்பாக இருக்கும். முடக்கு வாதக் காரணி நலமான முதியோர் சிலரிடமும் காணப்படும் என்பதால் அச்சோதனையை மட்டும் கொண்டு முடக்கு வாதம் என முடிவு செய்தல் கூடாது.

சிகிச்சை

நலிந்த குருத்தெலும்பை முன்னைய நிலைக்கு மீட்கும் மருந்து இன்னும் இல்லை. வலியைக் குறைத்து, இயக்கத்தைக் காப்பதே சிகிச்சையின் நோக்கம்.

உடற்பயிற்சி

இதுவே சிகிச்சையின் அடிப்படை. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டிச் சில விநாடிகள் நிறுத்தி இறக்குதல் தொடையின் முன்தசையை வலுப்படுத்தும். சமதளத்தில் நடத்தல், மிதிவண்டி ஓட்டுதல், நீரில் பயிற்சி செய்தல் ஆகியனவும் ஏற்றவை. தொடக்கத்தில் சற்று வலி கூடுதல் இயல்பு. அது 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் பயிற்சி அளவானது எனலாம். நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை.

எடைக் குறைப்பு

முழங்கால் நோயுள்ள பருமனான முதியோரிடையே செய்யப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வின்படி, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

துணைக் கருவிகள்

கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். கட்டைவிரலும் பாதிக்கப்பட்டவர்கள் அகன்ற பிடியுடைய தடியைப் பயன்படுத்துதல் நன்று. உயரமான நாற்காலி, உயர்த்திய கழிப்பறை இருக்கை, தடித்த பிடியுள்ள கரண்டி ஆகியன எளிய உதவிகள்.

மருந்துகள்

முழங்கால், கை ஆகியவற்றுக்கு டைக்ளோஃபீனாக் களிம்பு முதல் தேர்வு. ஆனால் பல மூட்டுகளிலும் களிம்பு தடவுதல் இயலாததால் இந்நோயாளிகள் மாத்திரையை நாடுகின்றனர். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபீனாக் போன்ற வலி நீக்கிகளை நாள்தோறும் விழுங்கினால் இரைப்பைப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்த உயர்வு, மாரடைப்பு ஆகியவற்றின் வாய்ப்பு கூடும். நீரிழிவு உள்ளவர்கள் குறிப்பாக எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். இவ்வகையைச் சேர்ந்த ரொஃபெகாக்சிப் இதய நோய் வாய்ப்பைக் கூட்டியதால் 2004 ஆம் ஆண்டில் விலக்கிக்கொள்ளப்பட்டது. பல இடங்களில் நாட்பட்ட வலி உள்ளவர்களுக்கு டியூலாக்செட்டின் பயன்படலாம். குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் ஆகியவற்றால் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என 2006 இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது.

அறுவை

முழங்காலை உள்நோக்கி வழியாகக் கழுவிச் சீர்செய்யும் அறுவை, போலி அறுவையைவிடப் பயன் தரவில்லை என்பது 2002 இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பிற வழிகளால் பயனின்றி, வலியும் முடக்கமும் மிகுந்தவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை நல்ல பலன் தருகிறது. பொருத்தப்பட்ட முழங்கால் மூட்டுகளில் பத்தில் எட்டு ஏறத்தாழ 25 ஆண்டுகள் நீடிப்பதாக 2019 இல் வெளியான தொகுப்பாய்வு மதிப்பிட்டது. பன்மூட்டு நோயில் ஒரு மூட்டை மாற்றுவதால் ஏனையவை குணமாவதில்லை. எனவே நடமாட்டத்தை எந்த மூட்டு பெரிதும் தடுக்கிறது என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும்.

சித்த மருத்துவத்தில்

சித்த மருத்துவம் நோய்களை வளி, அழல், ஐயம் என்னும் மூன்றன் மாறுபாடாக விளக்குகிறது. மூட்டு நோய்கள் கீல்வாயு என்னும் தொகுதியில் அடங்கும். அவற்றுள் அழல் கீல்வாயு என்பதை இன்றைய சித்த மருத்துவர்கள் மூட்டுத் தேய்மானத்துடன் ஒப்பிடுகின்றனர். எண்ணெய் பூசித் தடவுதல், ஒற்றடம், உள்மருந்து ஆகியன சிகிச்சை முறைகள். முடக்கறுத்தான் கீரை உடலின் முடக்கை அறுப்பது என்ற பொருளில் பெயர் பெற்றது. தோசை மாவில் சேர்த்து உண்ணும் வழக்கம் உண்டு. இவற்றின் பயனை உறுதிசெய்யப் பெரிய ஆய்வுகள் இன்னும் தேவை.

பட்டம் பெற்ற சித்த மருத்துவர் தரும் மருந்தையும், பெயரோ உட்பொருளோ குறிக்கப்படாமல் விற்கப்படும் சூரணத்தையும் ஒன்றாகக் கருதலாகாது. இத்தகைய சூரணங்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஓரிரு நாளில் எல்லா மூட்டு வலியும் மறைந்தால் அது ஐயத்துக்குரியது. நெடுநாள் உட்கொண்டால் நீரிழிவும் எலும்புப்புரையும் வரலாம். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 28.7 விழுக்காட்டினருக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதாகக் கூறியது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஊரகப் பகுதி ஒன்றில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்விலும் ஏறத்தாழ 27 விழுக்காடு என்னும் அளவே கிடைத்தது. தாம்பரமும் அதன் அருகிலுள்ள அஸ்தினாபுரம், செம்பாக்கம், குரோம்பேட்டை போன்ற புறநகர்களும் அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 2019 ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டம் உருவானபோது இவை அதில் இணைந்தன. 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் உள்ளன.

இப்பகுதி மக்களுக்கு அருகில், தாம்பரம் சானடோரியத்தில், நடுவண் அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அமைந்துள்ளது. 2005 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 அன்று பிரதமர் மன்மோகன் சிங் இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இதன் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதர் பெயரைத் தாங்கியது. அழற்சி நோய் என ஐயம் எழுந்தால் சென்னை இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் வாதநோய்த் துறையை அணுகலாம்.

2021 ஆம் ஆண்டு ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். பேருந்தேற இயலாத பன்மூட்டு நோயாளிக்கு இது பெரிதும் உதவக்கூடியது. மூட்டு மாற்று அறுவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. 2017 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் நடுவண் அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமிய வகைக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய் எனத் தீர்மானிக்கப்பட்டது.

வரலாறு

விரல் நுனிப் புடைப்புகள் கீல்வாதத்துடன் தொடர்பற்றவை என்பதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் குறித்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் 1802 இல் அது நூலாக வெளிவந்தது. 1952 இல் கெல்கிரென், மூர் ஆகியோர் ஹெபர்டன் கணுக்களும் பிற மூட்டுகளின் தேய்மானமும் ஒருவரிடமே சேர்ந்து வருவதைக் காட்டி, பன்மூட்டு வகையைத் தனி நோய்நிலையாக வரையறுத்தனர். உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி 2019 இல் உலகில் ஏறத்தாழ 52.8 கோடிப் பேர் மூட்டுத் தேய்மானத்தால் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் 60 விழுக்காட்டினர் பெண்கள்.

இவற்றையும் பார்க்க

* முடக்கு வாதம்
* எலும்புப்புரை
* குருத்தெலும்பு
* சிக்குன்குனியா
* அல்காப்டோனூரியா
* தேசிய சித்த மருத்துவ நிறுவனம்